கவின்யாவின் நிகர எடை

ஜூலை 8, திங்கள்

இந்த நோட்டை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. டாக்டரம்மா எழுதச் சொன்னார். பாப்பா எப்போது பால் குடித்தாள், எப்போது கக்கினாள், என்ன நிறத்தில் கக்கினாள், எத்தனை முறை துணி நனைத்தாள் என்று பத்து நாளைக்குக் குறித்துக்கொண்டு பதினெட்டாம் தேதி வர வேண்டுமாம். "உங்களுக்குத்தான் குறிச்சு வெக்கறது பழக்கமாச்சே" என்று வேறு சொன்னார். பழக்கம்தான். பரமத்தி ரோட்டு எடை மேடையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். லாரி ஏறும், எடை போடுவேன், சீட்டு கிழித்துக் கொடுப்பேன், லாரி இறங்கும். இதுவரை ஒரு லாரிகூட என் மேல் கக்கியதில்லை.

நோட்டின் வலது பக்கம் டாக்டருக்கு. இடது பக்கம் எனக்கு. எடைச் சீட்டிலும் ஒரு நகல் நம்மிடம்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். என் மகள் கவின்யாவுக்கு இரண்டு மாதம் முடியப்போகிறது. குடித்ததில் பாதியை என் சட்டையில் திருப்பித் தருகிறாள். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வால்வு மாதிரி ஒன்று இருக்கிறதாம். இந்த வயதில் அது சரியாக இறுகியிருக்காதாம். அதனால் பாலும் புளிப்பும் மேலே ஏறி வருகிறதாம். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடுமாம், எடை மட்டும் ஒழுங்காக ஏறினால். அந்த 'எடை மட்டும்' என்ற இடத்தில்தான் டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

போன மாதம் 24ஆம் தேதி தடுப்பூசிக்குப் போனபோது 3 கிலோ 960 கிராம். இன்றைக்கு 4 கிலோ 050. பதினான்கு நாளில் வெறும் தொண்ணூறு கிராம்.

"இன்னும் பத்து நாள் பாக்கலாம். ஏறலைன்னா சேலத்துக்கு எழுதித் தர்றேன். மூக்கு வழியா சின்னதா ஒரு டியூப் விட்டு டெஸ்ட் எடுப்பாங்க" என்றார்.

என் மனைவி கோதை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பாப்பாவின் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டே வந்தாள்.

போன தடவை பாப்பா மகாராணி மாதிரி போனாள். கோதையின் அண்ணன் சென்னியப்பன் அதற்கு முந்தின நாள்தான் தாய்மாமன் சீர் என்று வெள்ளியில் அரைஞாண், கொலுசு, காப்பு எல்லாம் கொண்டுவந்து பூட்டியிருந்தார். போட்ட மூன்று நாளைக்குக் கழற்றக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் நர்ஸம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அதெல்லாம் பீரோவில். கக்கின பால் கொலுசு முத்துக்குள் போய்ப் புளித்த வாடை அடிக்கிறது என்று கோதை போன வாரம் கழற்றித் தேய்த்து வைத்துவிட்டாள். இன்றைக்கு வெறும் உடம்போடு மெஷினில் கிடந்தவளைப் பார்க்கவே எனக்கு என்னவோ போலிருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

டாக்டர் போட்ட சட்டங்களை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால். நடுவில் ஒரு ஏப்பம், முடிவில் ஒரு ஏப்பம். அதன்பிறகு அரை மணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். குடித்ததும் தூளியில் போட்டு ஆட்டக் கூடாது. தூங்க வைப்பது மல்லாத்தி. தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது, தண்ணீர்கூட.

நிமிர்த்தி வைக்கும் வேலை என்னுடையது. மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதால் கோதை ஒரு மாதத்திலேயே தாய்வீட்டிலிருந்து வந்துவிட்டாள். இங்கே நாங்கள் இரண்டு பேர்தான். வீடு எடை மேடைக்கு நேர் பின்னால், பத்தடி. எனவே பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டே முட்டை லாரிக்கு எடை போட்டேன். 9.20க்கு ஏப்பம். டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அண்ணா, நீங்களுங்களா?" என்றான். 9.24க்குக் கக்கல், பிரின்டர் மேல். அந்தச் சீட்டில் எல்லா எண்ணும் மாவாகிவிட்டது. மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

கக்கலை மூன்றாகப் பிரித்திருக்கிறேன். கசிவு, ஒழுக்கு, கொட்டல். கசிவுக்குக் கைக்குட்டை போதும். ஒழுக்குக்குத் துண்டு. கொட்டலுக்குக் குளியல், எனக்கு.

சாயந்திரம் மருந்துக் கடைக்குப் போய் ஒரு டின் பால் பவுடர் வாங்கினேன். தாய்ப்பால் மட்டும் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். தொண்ணூறு கிராம் என்று சொன்னதும் அதே டாக்டர்தான். லோடு குறைந்தால் ஏற்ற வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. கோதை காலையில் குளிக்கப் போகும்போது ஓர் அறுபது மில்லி, சாயந்திரம் துணி அலசும்போது ஓர் அறுபது மில்லி. கோதையின் பாலைப் பற்றி நான் குறையாக எதுவும் நினைக்கவில்லை. அவள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் டின்னைப் பரணில் பெரிய இட்லிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். பவுடர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று டின்னுக்குள் பென்சிலால் ஒரு கோடும் போட்டேன். அது தொழில் பழக்கம்.

இது வலது பக்கத்தில் வராது.

ஜூலை 10, புதன்

மச்சான் சென்னியப்பன் வந்தார். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் வியாபாரம். தோளில் எப்போதும் பச்சைத் துண்டு. பாப்பா கக்கியதைக் குனிந்து பார்த்து, விரலால் தொட்டு, முகர்ந்தும் பார்த்தார். தீவன மூட்டையை அப்படித்தான் பார்ப்பார்.

"மாப்ள, நாஞ் சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. பால்ல கனம் பத்துலீங்க. தீவனத்த மாத்துனா பாலு தானா மாறும். நாப்பது மாடு பாத்தவன் சொல்றேன்."

"அண்ணா, நான் மாடுங்களா?" என்றாள் கோதை.

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேங் கண்ணு."

பேச்சுக்குச் சொன்னவர் ஒரு பட்டியலே சொன்னார். கத்தரிக்காய் கூடாது, கடலை கூடாது, மாம்பழம் சூடு, வெங்காயம் வாயு, பச்சை மிளகாயைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் மூன்று தோசையும் கடலைச் சட்னியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். போகும்போது பாப்பாவின் வெறும் காலைப் பார்த்து முகம் சுருங்கிப் போனார்.

கோதை இன்றே வீட்டிலிருந்த வெங்காயத்தை எல்லாம் அள்ளிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். இனி ரசம், தயிர்ச் சோறு, வேகவைத்த கேரட். அவளுக்கு மட்டும்தான் என்றாள். ஆனால் அடுப்பு ஒன்றுதான்.

கக்கல் ஒன்பது. நேற்று ஆறு.

ஜூலை 11, வியாழன்

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கோதை கேட்டாள்: "ஏனுங்க, டின் பாலு கீது வாங்கிக் குடுத்துப் பாக்கலாமுங்களா?"

"சேச்சே, அதெல்லாம் எதுக்கு? நீ குடுக்கறதே போதும்னு டாக்டரே சொல்லீட்டாங்கல்ல" என்று தைரியம் சொன்னேன்.

அவள் பரண் பக்கம் பார்த்தாள். ஒட்டடை அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

கக்கல் பத்து. அதில் கொட்டல் நான்கு. இன்று சட்டை மாற்றி மாற்றிக் கடைசியில் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சட்டையில் உட்கார்ந்து எடை போட்டேன். வந்த டிரைவர் எல்லாம் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டார்கள்.

ஜூலை 12, வெள்ளி

டின்னில் ஏதோ கோளாறு. நான் ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் எடுக்கிறேன். கோடு நான்கு முறை எடுத்த அளவுக்கு இறங்கியிருக்கிறது. கம்பெனிக்காரன் டின்னிலேயே குறைவாகப் போட்டு, குலுக்கி நிரப்பிய மாதிரி காட்டி அனுப்பிவிட்டான் போலிருக்கிறது. பதினோரு வருஷம் எடை போட்டவனிடமே வேலையைக் காட்டுகிறான். டின்னின் மூடியும் நான் வைத்த மாதிரி இல்லை.

கோதையின் கண் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டேன். வெங்காயம் அரிந்தேன் என்றாள். பால் கொடுப்பவர்கள் எரிச்சல் தாங்க மாட்டார்களோ என்னவோ.

கக்கல் பதினொன்று. இன்னும் ஆறு நாள். அந்த டியூப் எவ்வளவு தடிமன் என்று டாக்டரிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 13, சனி

இன்றைக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது.

பச்சையாகவோ ரத்தமாகவோ கக்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலை 10.40க்கு மச்சான் பாப்பாவைத் தோளில் வைத்திருந்தார். ஒரு கொட்டல். நான் துடைக்கப் போனேன். பாப்பாவின் வாயோரம் பச்சை. கன்னம் பச்சை. கை பச்சை.

மேடையில் லாரி நின்றது நின்றபடி இருக்க, மச்சான் பைக்கை எடுத்தார். கோதை பாப்பாவைப் பிடித்துக்கொண்டு நடுவில், நான் பின்னால். மச்சான் வழியெல்லாம் "ஆத்தா காப்பாத்து" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். கோதை பாப்பாவின் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா பாப்பாவின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கு சுத்தமாக இருந்தது. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பாப்பா சிரித்தாள். ஈரப் பஞ்சால் கன்னத்தைத் துடைத்தார். பிறகு அதே பஞ்சை மச்சானின் தோள் துண்டில் தேய்த்துக் காட்டினார்.

"துண்டு புதுசா?"

"ஆமாங்க. நேத்துத்தான் விவசாய சங்கத்துல குடுத்தாங்க" என்றார் மச்சான்.

"நனைச்சுட்டுப் போடுங்க. சாயம் போகுது."

வெளியே வந்ததும் மச்சான் துண்டைக் கழற்றி உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வீடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சானைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

ஜூலை 14, ஞாயிறு

கோடு மறுபடியும் இறங்கிவிட்டது. கம்பெனிக்காரன் இல்லை, எலி. பரணில் டின்னுக்குப் பக்கத்தில் எலிப்பொறி வைத்துவிட்டேன். தேங்காய்த் துண்டு சுட்டு மாட்டியிருக்கிறேன். கோதையிடம் சொல்லவில்லை. எதற்குப் பொறி என்று கேட்டால் டின்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.

ஜூலை 15, திங்கள்

பொறி விழுந்திருந்தது. தேங்காய் அப்படியே இருக்கிறது. எலி தப்பிவிட்டது.

கோதைக்கு வலது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. கதவிடுக்கில் நசுங்கிவிட்டதாம். இந்த வீட்டில் எல்லாமே ஒரே நாளில்தான் நடக்கும். கட்டோடு பாப்பாவைத் தூக்க முடியாமல் தூக்கினாள். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றால் கொடுக்கவும் மாட்டேன் என்கிறாள்.

"இன்னும் மூணு நாள்தானுங்க எங்கிட்ட இருப்பா. அப்பறம் டியூப்ல குடுப்பாங்களோ, எதுல குடுப்பாங்களோ" என்றாள்.

அதற்கு நான், "பிரின்டர்ல மை தீந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மை நிறைய இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் மச்சான் கையில் என் எடைச் சீட்டோடு வந்தார். நேற்று அவருக்கு வந்த மக்காச்சோள லோடு. குடோனில் மூட்டை மூட்டையாக எடை போட்டுக் கூட்டியிருக்கிறார். சீட்டுக்கும் மூட்டைக்கும் நூற்றைம்பது கிலோ இடிக்கிறது.

"என்னுங்க மாப்ள எடை போட்டீங்க? லோடோட வந்து நின்னப்ப நனைஞ்ச தார்ப்பாயி, இரும்புச் சங்கிலி, ரெண்டு ஸ்டெப்னி அத்தனையும் வண்டி மேல இருந்துச்சு. காலி எடைக்கு வந்தப்ப எல்லாம் எங்க குடோன்ல கெடக்குது. ஒருக்கா சாமானோட போட்டு, மறுக்கா சாமானில்லாம போட்டா, கழிச்சு வர்ற எடைக்கு என்னுங்க அர்த்தம்?"

என்னிடம் இதற்கு எப்போதும் ஒரு பதில் உண்டு. வண்டியில் என்ன ஏற்றினாய், என்ன இறக்கினாய் என்று பார்ப்பது மேடைக்காரன் வேலை இல்லை என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசுவேன். வாயைத் திறந்தேன். ஒருக்கா சாமானோட. மறுக்கா சாமானில்லாம.

எழுந்து ஓடினேன். மேடையில் ஒரு மணல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. மச்சான், "நூத்தம்பது கிலோவுக்கு எதுக்குங்க மாப்ள ஓடறீங்க!" என்று பின்னாலேயே ஓடி வந்தார். பீரோவைத் திறந்து மஞ்சள் பையை எடுத்தேன். அரைஞாண், கொலுசு ஜோடி, காப்பு ஜோடி. என் மேடையில் இருபது கிலோவுக்குக் கீழே எதுவும் தெரியாது. மச்சான் கடையில் கோழி மருந்து நிறுக்கும் சின்னத் தராசு இருக்கிறது. அவரைப் பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு நானே ஓட்டினேன்.

இருநூற்று நாற்பத்தாறு கிராம்.

போன மாதம் 3 கிலோ 960 என்று காட்டியது பாப்பாவும் தாய்மாமன் சீரும் சேர்த்து. சீரைக் கழித்தால் பாப்பா 3 கிலோ 714. எட்டாம் தேதி வெறும் உடம்பாக 4 கிலோ 050. அப்படியானால் பதினான்கு நாளில் ஏறியது தொண்ணூறு இல்லை, முந்நூற்று முப்பத்தாறு கிராம். ஒரு நாளைக்கு இருபத்துநான்கு. மச்சான் கடையில் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து இதை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அதுதான் வந்தது. என் கண்ணாடியில் ஏதோ மறைத்தது, துடைத்துக்கொண்டேன். அழுதேன் என்று எழுதினால்தான் என்ன, அழுதேன்.

மச்சானும் தராசைப் பார்த்துக்கொண்டே கலங்கி நின்றார். மருமகளை நினைத்துத்தான் என்று நினைத்தேன்.

"கடைக்காரன் முந்நூறு கிராமுன்னு அடிச்சுச் சொன்னானுங்களே மாப்ள!"

வீட்டுக்கு வந்து கோதையிடம் சொன்னேன். கணக்கை எழுதிக் காட்டினேன். தாளை வாங்கிப் பார்த்தாள்.

"அப்ப எம் பாலு?"

"உம் பாலுக்கு ஒரு கொறையுமில்ல. முந்நூத்து முப்பத்தாறு கிராமும் நீ குடுத்ததுதான்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டின்னைப் பற்றிச் சொல்ல இதுதான் நேரம் என்று தோன்றியது. சொல்லவில்லை. லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான், போய்விட்டேன்.

ஜூலை 17, புதன்

நேற்று மத்தியானத்திலிருந்து டின்னை நான் தொடவில்லை. கோடும் இறங்கவில்லை. நான் நிறுத்தினேன், எலியும் நிறுத்திவிட்டது. எலிக்கு எப்படித் தெரியும்?

கக்கல் மூன்று. மூன்றும் கசிவு. காலையில் போட்ட சட்டையையே ராத்திரி வரை போட்டிருந்தேன்.

ஜூலை 18, வியாழன்

மெஷினில் வைக்கும் முன் சொக்காய், துணி எல்லாம் நானே கழற்றினேன். இடுப்பில் இருந்த கறுப்புக் கயிற்றையும் அவிழ்க்கப் போனேன். "சார், அது அரை கிராம்கூட வராது" என்று நர்ஸம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

4 கிலோ 310.

வெள்ளிக் கதையைச் சொன்னேன். டாக்டரம்மா நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா ஜன்னலைப் பார்த்தார். "தப்பு எங்க பேர்லயும் இருக்கு. கழட்டிட்டுத்தான் வெச்சிருக்கணும்" என்றார் டாக்டரம்மா. சேலம் வேண்டாம், டியூப் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் நீட்டிய நோட்டைப் புரட்டினார்.

"எட்டாம் தேதி நான் சொன்னபடியே பண்ணியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு ஆறு ஒம்பதாகி, ஒம்பது பதினொண்ணாச்சு? நேத்து திடீர்னு எப்படி மூணாச்சு?"

"தெரியலீங்க டாக்டர்."

"இந்த இடது பக்கம் என்ன எழுதியிருக்கு?"

"அது என்னோட சொந்த நகலுங்க."

"சொந்த நகல்லதான் எல்லாரும் உண்மைய எழுதுவாங்க. விடுங்க கையை."

விட்டேன். படித்தார். ஒன்பதாம் தேதியில் புருவம் ஏறியது. பன்னிரண்டாம் தேதியில் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பதினான்காம் தேதியில் தோள் குலுங்கியது. பதினைந்தாம் தேதிக்கு வந்ததும் நோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கோதையைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கம்மா, அந்த விரலைக் காட்டு."

கோதை கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. டின்னைச் சந்தேகப்பட்டேன், கம்பெனியைச் சந்தேகப்பட்டேன், எலியைச் சந்தேகப்பட்டேன். என்னைவிட அரையடி குள்ளமானவள் முக்காலி போட்டுப் பரண் ஏறியிருப்பாள் என்று மட்டும் தோன்றவில்லை.

"நீ எத்தனை வேளை குடுத்தே?"

"ரெண்டு வேளைங்க. இவரு மேடைக்குப் போனப்பறம் பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும்."

"அவரு ரெண்டு, நீ ரெண்டு. பாலுக்கு மேல நாலு வேளை." டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உங்க மேடைக்கு ஓவர்லோடு லாரி வந்தா என்ன சொல்லுவீங்க?"

"அதிகமா இருக்கறத எறக்கச் சொல்லுவேனுங்க."

"உங்க பொண்ணு ஒரு வாரமா அதைத்தான் பண்ணிட்டிருந்தா."

நர்ஸம்மா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது கோதை பேசினாள். தலையைத் தூக்காமல் பேசினாள்.

"பத்தாம் தேதி இட்லிப் பானை எடுக்கப் போனப்பத்தானுங்க டின்னப் பாத்தேன். ஊரே எம் பாலு சேரலைன்னு சொல்லுச்சு. அண்ணன் சொன்னாரு. அதெல்லாம் எனக்குப் பெருசாத் தெரியலீங்க. இவருக்கே நம்பிக்கை இல்லீன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மறுநாளு கேட்டுக்கூடப் பாத்தேன். நீ குடுக்கறதே போதும்னாரு. டின்னு பரண்மேல இருக்குது. அப்பறம் நானென்னங்க பண்றது? புள்ளையாவது வளரட்டும்னு நானும் கலக்கிக் குடுத்தேன்."

என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. கதவிடுக்கும் வெங்காயமும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. பத்தாம் தேதியே வெங்காயத்தை அள்ளிக் கொடுத்துவிட்டாளே, பன்னிரண்டாம் தேதி எந்த வெங்காயத்தை அரிந்தாள்? நானே இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். எழுதியவன் ஒரு தடவை படித்தும் பார்த்திருக்கலாம்.

"டின் பால் தேவைப்படற குழந்தைக்கு நானே எழுதித் தருவேன், அதுல கேவலம் ஒண்ணுமில்ல" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்குத் தேவைப்படல. அவ்வளவுதான். கோதை, நீ எல்லாம் சாப்பிடு. கத்தரிக்கா சாப்பிடு, கடலை சாப்பிடு. கக்கறது இன்னும் சில மாசம் இருக்கும், உக்கார ஆரம்பிச்சா குறையும். அதுவரைக்கும் அப்பா சட்டை நனையட்டும்."

பஸ் ஸ்டாப்பில் கோதையிடம் சொன்னேன். "எனக்கு ஒம் பால்மேல சந்தேகம் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னது பொய்யி. தப்புத்தான் கோதை. பொறி வெச்சதும் தப்புத்தான்."

"பொறி வெச்சது பரவால்லீங்க" என்றாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் கட்டுப் போட்ட விரலை என் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். ஊர் வரும் வரை எடுக்கவில்லை.

ஜூலை 20, சனி

டாக்டர் எழுதச் சொன்ன நாள் முடிந்துவிட்டது. பழக்கத்தில் எழுதுகிறேன். இரண்டு பக்கமும் இனி ஒரே கணக்கு, கோதையும் படிக்கலாம்.

கக்கல் நான்கு. ஒரு கொட்டல், மச்சான் மேல். புகைப்படம் எடுக்க வேண்டும் என்று வெள்ளியை எல்லாம் மறுபடி பூட்டி, பால் குடித்த கையோடு தூக்கி ஆட்டினார். அரை மணி நேரம் பொறுங்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை. துண்டு துவைத்துப் போட்டிருந்ததால் பாப்பா இந்தத் தடவை பச்சையாகவில்லை. மக்காச்சோள லாரியைச் சாமானோடு மறுபடி காலி எடை போட்டுப் புதுச் சீட்டுக் கொடுத்துவிட்டேன். இனி மேடைக்கு வரும் எந்த வண்டியானாலும் இரண்டு முறையும் நானே சுற்றி வந்து மேலே என்னென்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். டிரைவர்கள் திட்டுகிறார்கள்.

சாயந்திரம் பாப்பாவைத் தோளில் நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் போனேன். சமையலறையில் கோதை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. முன்னால் போய்ப் பார்த்தேன். கண் இரண்டும் சிவந்து, கன்னமெல்லாம் கண்ணீர்.

என்ன என்று கேட்டேன். வெங்காயம் என்றாள்.

குனிந்து முறத்தைப் பார்த்தேன். வெங்காயம்தான்.